தெரிவான பிள்ளையின் உம்மா

அவரைப் பார்க்கும் முன்பே அவருடைய பல்லைப் பற்றித் தெரிந்துகொண்டேன். முதல் நியமனம் கிடைத்து, மாம்புரியைத் தாண்டியிருந்த ஒரு சின்னப் பாடசாலைக்கு நான் போன முதல் நாள் அது. பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு குரல், சாரதிக்கும் கேட்கும்படி கதைத்துக்கொண்டிருந்தது.

“புத்தளத்துப் பல் டொக்டரே பயந்துட்டார். இத்தின வருசமாப் பல்லுப் புடுங்கிறாராம், இப்பிடி வேர் உள்ள பல்லக் கண்டதே இல்லயாம். மத்த ரூம்ல ஈந்த டொக்டரயும் கூப்பிட்டுக் காட்டினவரு, தெரியுமா?”

திரும்பிப் பார்த்தேன். ஒரு கன்னம் பணிஸ் போல வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. கண்களில் மட்டும், பரிசு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஒருவரின் வெளிச்சம். நான் இறங்கிய இடத்திலேயே அவரும் இறங்கினார். என் கைப்பையையும் குடையையும் பார்த்துவிட்டு, “புது டீச்சரா? நெனச்சன். என்ட மகள் நாலாம் வகுப்பு. ஸ்கூல்லயே ஆக நீட்டு முடி அவளுக்குத்தான்” என்றார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் யாரும் அதைச் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் மகளின் பெயரால் சாஜிதாவின் உம்மா, மற்ற எல்லோருக்கும் ராத்தா. சிலாபத்துப் பக்கம் கத்தோலிக்க வீட்டில் ‘அக்கா’ என்று சொல்லி வளர்ந்த எனக்கும் சில நாட்களில் ராத்தா ஆகிவிட்டார்.

ராத்தா பெருமை பேசுவார். பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நகை, வீடு, வெளிநாட்டுத் தம்பி என்று. ராத்தாவிடம் அவை ஒன்றுமில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு அவர் பெருமைப்பட்டார். கூரை ஒழுகினால், “மழை மொதல்ல வாறது எங்கட ஊட்டுக்குத்தான்” என்பார். கணவரின் படகு எஞ்சின் ஒருநாள் நின்றுபோனபோது, “நடுக்கடல்ல நிண்டீக்கி! கரைக்கிட்டயெல்லாம் இல்ல!” என்று வேலிப் படலையில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார். உள்ளே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அந்த அமைதியான மனிதர், “கரை தெரியிற தூரம்தான்” என்று தனக்குள் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. அவர்களுடைய ஆடு ஒருமுறை பாடசாலை மதிலில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலைக் கிழித்துத் தின்றுவிட்டது. அதிபர் கூப்பிட்டுக் கண்டித்தார். ராத்தா வெளியே வந்து, “எங்கட ஆட்டப் பத்தி அதிபரே கதைச்சாரு” என்றார்.

சாஜிதாவோ ஒரு சத்தமும் இல்லாத பிள்ளை. வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பாள். வாசிக்கச் சொன்னால் எழுந்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பாள். காத்திருந்தால் பக்கத்துப் பிள்ளை மெல்லச் சொல்லிக்கொடுக்கும். அதைத் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தால், கண்ணீர் மட்டும் வரும்.

அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான் அந்த வருடம் அரசாங்கம் பின்னேர வகுப்பு ஒன்றை எங்கள் பாடசாலைக்குத் தந்தது. பெரிய எழுத்துப் புத்தகங்கள், படங்கள், எழுத்து அட்டைகள், வகுப்பு எடுப்பவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. இளையவள் என்பதால் வகுப்பு என் தலையில் விழுந்தது. எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்க வைத்துப் பார்த்துப் பதினொரு பேரைத் தெரிவு செய்தோம். பெற்றோர் சம்மதித்து அனுப்ப வேண்டும், தவணை முடிவில் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், வகுப்பு வெறுமையாக இருந்தால் வேறு பாடசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்தேன். அந்த முகங்கள் இப்போதும் நினைவிருக்கிறது. நான் விளக்க விளக்க, ஒவ்வொருவரும் கதிரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார்கள். மரக்கறி லொறி ஓட்டுகிற மஹ்ரூப் நானா மட்டும் எழுந்து நின்றார்.

“அப்ப என்ட மகன் மொக்கன் எண்டு செல்றீங்களா டீச்சர்?”

“இல்லை நானா. வாசிப்பில கொஞ்சம் உதவி தேவை, அவ்வளவுதான்.”

“மொக்கு கிளாசுக்கு என்ட மகன் வரமாட்டான். ஊரு சிரிக்கும்.” அவர் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் எழுத்து அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நான் தனியே இருந்தேன். வெளியே காற்றாலைக் கம்பங்கள் மூன்று கைகளையும் விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

ராத்தா கூட்டத்துக்கு வரவில்லை. அன்று நுரைச்சோலையில் ஒரு கல்யாணம். எனவே அவரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எதையும் பெருமையாகச் சொல்கிற ஒரு பெண்ணிடம் போய், உங்கள் மகளுக்கு எழுத்துக் கூடத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வழி நெடுக வசனங்களைத் தயாரித்துக்கொண்டு போனேன். படலையைத் திறந்தபோது ராத்தா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். சாஜிதா வாசலில் இருந்து தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“ராத்தா, பாடசாலையில ஒரு பின்னேர வகுப்புத் தொடங்கியிருக்கு. அரசாங்கம் நடத்துறது. அதுக்குச் சில பிள்ளைகளைத் தெரிவு செய்தோம்...”

“எத்தின பேர டீச்சர்?”

“பதினொரு பேர்.”

“முழு ஸ்கூல்லயும் பதினொரு பேரா? அதுக்குள்ள என்ட மகளுமா?”

“ஓம். ஆனா ராத்தா, இது வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளைகளுக்கு...”

என் வசனம் முடியவில்லை. ராத்தா மிளகாய்ப் பாயைத் தாண்டி வேலியருகே போய்விட்டார். கிடுகு வேலிக்கு மேலால் தலை தெரியப் பாதத்தில் எம்பி நின்றார்.

“மைமூனா! ஏ மைமூனா! சாஜிதா தெரிவாகிட்டா! அரசாங்கம் தெரிஞ்செடுத்தீக்கி! டீச்சர் ஊடு தேடி வந்து செல்றாங்க!”

வாசலில் இருந்த சாஜிதா பின்னலை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, நான் அவளிடம் ஒருநாளும் கண்டிராத ஒரு சிரிப்பு, ஒரு பக்கமாக, மெல்ல வந்தது. அதைப் பார்த்தபின் நான் என்ன திருத்துவது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் சாஜிதா வந்தாள். பெருநாள் சட்டை போட்டிருந்தாள். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் உம்மா. உம்மா அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. “அரசாங்க கிளாஸ் எப்பிடிண்டு பார்க்கோணும்” என்று பின்னால் இருந்த சின்ன வாங்கில் மடங்கி இருந்துகொண்டார். அன்று அந்த ஒரேயொரு பிள்ளைக்கு ‘ப’வும் ‘ட’வும் சொல்லிக்கொடுத்தேன். இரவில் ராத்தா பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீண்ட குரல் பதிவு ஒன்றைப் போட்டார். தனிப் புத்தகமாம், தனி டீச்சராம், படம் உள்ள அட்டைகளாம், கொழும்புப் பிள்ளைகளுக்கும் இப்படி இல்லையாம். பின்னணியில் கோழி கத்தியது. அதையும் சேர்த்து ஊர் முழுக்கக் கேட்டது.

மூன்று நாள் கழித்து அதிபர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். அவர் சிரிக்காத மனிதர். எந்தச் செய்தியையும் மழைக்கால அறிவித்தல் போலத்தான் சொல்வார். அவருடைய அறை வாசலில் தாய்மார் நிறைந்திருந்தார்கள்.

“எங்கட புள்ளைல என்ன குறை சேர்? ஏன் எடுக்கல்ல?”

“டீச்சருக்கு வேண்டியவங்கட புள்ளைகளுக்கு மட்டுந்தானா அரசாங்க கிளாஸ்?”

“சாஜிதாவுக்குக் குடுக்கேலுமெண்டா என்ட மகனுக்கு ஏன் ஏலாது? அவன் வகுப்புல மொதலாம் பிள்ளை!”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் அதிபரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். “இடம் மட்டுப்படுத்தப்பட்டது” என்றார் கம்பீரமாக. “தெரிவானவர்களுக்கு முன்னுரிமை. நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் வந்து கூட இருந்து வாசிக்க அனுமதி தரலாம்.” கூட்டம் போனபின் அவர் கதவைச் சாத்திவிட்டு, மேசையில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரமே மஹ்ரூப் நானா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “டீச்சர், இவன்ட பேரு மொதல்லயே ஈந்திச்சே. வேற யாருக்கும் குடுத்திடல்லயே?”

வகுப்பு நிறைந்தது. நிறைந்ததோடு நிற்கவில்லை. ராத்தா விடவில்லை. முதலில் தேத்தண்ணி. தாய்மார் முறை வைத்துக் கொண்டுவருவது என்று ஆனது. அவர் முறையில் அவித்த கடலை வந்தால், அடுத்தவர் முறையில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வரும். பிறகு வீட்டில் வாசிப்பது. “பிள்ளைகள் வீட்டிலேயும் தினம் கொஞ்சம் சத்தமாக வாசித்தால் நல்லது. பெற்றோர் பக்கத்தில் இருந்து கேட்டாலே போதும்” என்று நான் ஒருநாள் சொன்னேன். அதைத்தான் சொன்னேன். அன்றிரவு ராத்தாவின் குரல் பதிவு வந்தது: “எங்கட ஊட்டுல மஃரிபு தொழுது முடிஞ்சா டீவி இல்ல. இராவு இஷாத் தொழுகை வரைக்கும் மகள் வாசிப்பு.” பத்து நிமிடத்தில் இன்னொருவர் பதில் போட்டார்: தங்கள் வீட்டில் சோறு தின்னும் வரைக்கும் டீவி இல்லை. மற்றொருவர் வீட்டில் படுக்கும் வரைக்கும் இல்லை. மைமூனா தங்கள் வீட்டில் டீவியே இல்லையென்று அறிவித்தார். அது பழுதாகி ஒரு மாதமாகிறது என்பதை ராத்தா எனக்குத் தனியாகச் சொன்னார்.

மஃரிபுக்குப் பின் இருட்டும் நேரத்தில் அந்த ஒழுங்கையால் நடந்து போனால், வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் குரல் கேட்டது. படிக்கட்டு, பட்டம், பாய், பாண். எழுத்துத் தெரியாத தகப்பன்மாரும் பக்கத்தில் இருந்தார்கள். ராத்தாவின் கணவர் வலை பொத்திக்கொண்டே, “வாசி, நான் கேக்கிறன்” என்பாராம். பிள்ளை நிறுத்தினால், ஊசியும் நிற்குமாம். வகுப்பில் என் வேலை பாதியாகிவிட்டது. பிள்ளைகள் நேற்று நான் விட்ட இடத்திலிருந்து அல்ல, இரண்டு பக்கம் தாண்டித் தொடங்கினார்கள்.

தவணை முடிவில் வலயக் கந்தோர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். அதிபர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். பதினொரு பிள்ளைகளின் பெற்றோர் மட்டுமில்லை, பாதி ஊர் வந்திருந்தது. ராத்தா முன் வரிசையில், கல்யாணத்துக்குப் போடுகிற அபாயாவில். அதிகாரி எழுந்து, மனம் நிறைந்து பேசினார்.

“பின்தங்கிய மாணவர்களுக்காக அரசாங்கம் நடத்துகிற இந்த வகுப்புக்கு, பெற்றோர் இவ்வளவு ஆதரவு தருவதை நான் வேறெங்கும் காணவில்லை.”

 மின்விசிறியின் கிறீச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ, “பின்தங்கினவங்கட கிளாசா?” என்றார். யாரோ சிரித்தார். மஹ்ரூப் நானாவின் காதுகள் சிவந்தன. பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்தேன். சாஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். நாளை மறுபடியும் அட்டைகளும் நானும்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனிச் சாஜிதா வாயே திறக்கமாட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது. எல்லாத் தலைகளும் ராத்தாவின் பக்கம் திரும்பின.

ராத்தா எழுந்தார். அபாயாவைச் சரி செய்துகொண்டார்.

“ஓம் சேர். அதுல ஆகப் பின்தங்கினது என்ட மகள்தான்.”

அதிகாரி திகைத்துப் பார்த்தார்.

“நாலாம் வகுப்பு வந்தும் ‘அம்மா’ எண்டு வாசிக்கத் தெரியாம ஈந்தவ. ‘அ’வக் காட்டினா ‘ஆனை’ எண்டு செல்லுவா. இந்தக் கற்பிட்டிப் பக்கத்துல, இவளப்போலப் பின்தங்கின ஒருத்திய யாராவது காட்டுங்க பார்ப்பம்! டீச்சரே தலையில கைய வெச்சவங்க. கேட்டுப் பாருங்க!”

அதே குரல். பல்லைப் பற்றிச் சொன்ன அதே குரல், அதே பூரிப்பு. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் ஆமென்று தலையாட்டினேன்.  அப்போது மஹ்ரூப் நானா கதிரை சரிய எழுந்தார்.

“அப்பிடிச் செல்லேலாது! என்ட மகன் அவளயும்விடப் பின்தங்கினவன். அவனுக்கு அவன்ட பேரே எழுதத் தெரியாம ஈந்திச்சி!”

“என்ட மகன் புத்தகத்தத் தலகீழாப் புடிச்சவன்!” என்றது பின்னாலிருந்து ஒரு தாயின் குரல்.

“எங்கடவன் ஒரு வருசமா அப்பிடித்தான் புடிச்சான்!”

அதன் பின் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து நின்று, தங்கள் பிள்ளைதான் பின்தங்கியது என்று சண்டை பிடித்தார்கள். சிரிப்பு பின்னால் தொடங்கி முன்னால் வந்து அதிகாரியையும் பிடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி நின்றார். பிள்ளைகள் வாங்குகளில் ஏறித் துள்ளினார்கள். சாஜிதா நிமிர்ந்திருந்தாள். மஹ்ரூப் நானாவின் மகனைப் பார்த்து, “நான்தான்” என்று விரலால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

வகுப்பு எங்களிடமே இருந்தது.

எல்லோரும் போனபின் குழாயடியில் கோப்பை கழுவும்போது கேட்டேன்.

“ராத்தா, உங்களுக்கு முதலே விளங்கினதா, என்ன வகுப்பெண்டு?”

“என்ன டீச்சர் கேக்கிறீங்க! புள்ள ரெண்டு வருசமா ஊட்டுல கொப்பிய ஒளிக்கிறா. எனக்குத் தெரியாமலா?”

“அப்ப ஏன் அண்டைக்கு அப்பிடி...?”

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “அண்டைக்கி நீங்க படலையத் தொறந்து வாறப்ப உங்கட மொகத்தப் பார்த்தன். மையித்து ஊட்டுக்குத் துக்கம் கேக்க வாறவங்கட மொகம். திரும்பிப் பார்த்தா, புள்ளயும் உங்கட அந்த மொகத்தத்தான் பார்த்துக்கொண்டீக்கிறா. நான் என்ன செய்ய டீச்சர்? சத்தமாச் சந்தோசப்பட்டன்.”

அடுத்த தவணையில் ஒருநாள், அவருடைய தேத்தண்ணி முறை. நான் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். சாஜிதாவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் ஒரு பக்கத்தை, ஒரு இடத்தில் மட்டும் தடக்கி, முழுக்க வாசித்தாள். பழையபடி புத்தகத்தால் முகத்தை மறைக்கவில்லை. மடியில் வைத்து வாசித்தாள்.

ராத்தா குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். “இப்ப வாசி.” அவள் வாசித்தாள். “இது பாடம்” என்றார் ராத்தா. “வாயால வருது.” எழுந்து போய், புத்தக அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பத்திரிகையில் ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டு வந்தார். எதையென்று பார்க்கவுமில்லை. “இத வாசி.”

சாஜிதா விரலை வைத்தாள். “புத்தளம் முதல்... மன்னார்... வரையான... கடற்... கடற்பரப்... கடற்பரப்புகளில்... காற்று... பலமாக... வீசும்.”

ராத்தா அந்தத் துண்டை வாங்கி, கள்ள நோட்டா என்று விளக்கில் பார்ப்பது போல யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு சொல்லாக உதடு அசைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார்.

“டீச்சர், நான் ஊரெல்லாம் செல்லிக்கொண்டு திரிஞ்சது முழுக்கப் புழுகு” என்றார். குரல் சின்னதாகிவிட்டது. “ஒண்டையும் நான் நம்பல்ல. அவளுக்கு வராதெண்டுதான் நெனச்சன். இப்ப உண்மையா வந்திட்டா... நான் என்னத்தச் செல்றது?”

 இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

வகுப்பு முடிந்து மூவருமாக பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். சாதாரணமாக ஐந்து நிமிட நடை. கடை வாசலில் ராத்தா நின்றார். தாடையால் பலகையைக் காட்டினார். “ஐஸ் விற்பனைக்கு உண்டு” என்று சாஜிதா வாசித்தாள். அடுத்த மதிலில், “இங்கே குப்பை கொட்டாதீர்.” மின்கம்பத்தில், “வீட்டுக்குக் கூரை அடிக்கப்படும்.”  ராத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்த பலகை எங்கே என்று ஓட்டமும் நடையுமாகத் தேடிப்போனார். என் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரையும் சாஜிதா ஓடி ஓடி வாசித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்த மறந்துபோனேன்.

ஒரு பெரிய படலையில், “நாய் கவனம்” என்று சிவப்பில் எழுதியிருந்தது. சாஜிதா அதைக் கத்தி வாசித்தாள். உள்ளே நாய் குரைத்தது. வீட்டுக்காரப் பெண் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன ராத்தா? என்ன நடந்தீக்கி?”

ராத்தா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். பிறகு மகளின் தோளில் கையை வைத்து, பலகையின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

“திரும்ப வாசி மகள்.”